கேட்டதற்கு மட்டும் பதில்

இரண்டு நிறுவனங்களும் பதினைந்து வருடமாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தவை. செய்த வேலை ஒன்றுதான். மருந்துக் கிடங்குகளில் குளிர் அறைகள் இருக்கும். அறை கொஞ்சம் சூடேறினாலும் உள்ளே அடுக்கியிருக்கும் மருந்து வீணாகிவிடும். அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்து, ஏதாவது பிசகினால் கிடங்குப் பொறுப்பாளரின் கைபேசிக்குத் தகவல் அனுப்பும் கருவிகளை அவர்களும் செய்தார்கள், நாங்களும் செய்தோம். எங்கள் விற்பனையாளர் ஒரு கட்டடத்தின் படியேறினால் அவர்கள் ஆள் இறங்கி வந்துகொண்டிருப்பார். எங்களிடம் கோபித்துக்கொண்டு வேலையை விட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடமும் அதுதான். அங்கே கோபித்துக்கொண்டவர்கள் இங்கே வந்தார்கள்.

இருநூறு குளிர் அறைகள் வைத்திருந்த ஒரு மருந்து விநியோக நிறுவனம் இந்தச் சண்டையை ஒரே கடிதத்தில் நிறுத்தியது. அறையின் சூட்டை அளக்கும் சென்சார் அவர்களுடையதுதான் துல்லியம், அளந்ததை வெளியே அனுப்பும் பெட்டி எங்களுடையதுதான் நம்பகம், இரண்டும் சேர்ந்து வருவதானால் வாருங்கள், இல்லையென்றால் இரண்டு பேருமே வர வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். கடிதம் அவ்வளவுதான், ஐந்து வரி. நான்தான் அதைப் பதிவு செய்து எண் போட்டேன்.

இப்படித்தான் கூட்டு ஒப்பந்தம் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அதைச் சம்பந்தம் என்றே அழைத்தார்கள். சம்பந்தி வீட்டிலிருந்து கடிதம் வந்ததா, சம்பந்தி வீட்டில் முகம் கோணினார்களா என்றுதான் பேச்சு. அவர்களும் எங்களைச் சம்பந்தி வீடு என்றே சொல்லிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. பெண் வீடு எது, மாப்பிள்ளை வீடு எது என்பதில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

எனக்கு அது வேடிக்கைப் பேச்சாக மட்டும் இருக்கவில்லை. அவர்கள் பக்கம் சென்சார் பிரிவை நடத்தியவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் அந்த சென்சாரோடு பதினொரு வருடம் இருந்தவர். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும் அது. பத்து நொடிக்கு ஒரு முறை சூட்டை அளக்கும். உலகத்தில் யாரும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் அளப்பதில்லை, எதற்கு இந்த அவசரம் என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். கதவை ஒரு நிமிடம் திறந்துவைத்தால்கூட மருந்துக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அவருக்குக் கீழே ஏழு பேர். அவர் நிறுவனம் இரண்டு வருடமாகவே அந்தப் பிரிவை மூடிவிட்டு, சென்சாரை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கூட்டுச் சோதனை நல்லபடியாக முடிந்தால் பிரிவு நிற்கும், இல்லையென்றால் எட்டுப் பேரும் வீட்டுக்கு. இதை எனக்குச் சொன்னது அக்கா. அத்தான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது.

சொல்லக்கூடாது என்பதற்கு ஒரு காகிதம் இருந்தது. நாங்கள் உறவுக்காரர்கள் என்பதை இரண்டு பேருமே முதல் நாளே எங்கள் நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். கூட்டு வேலைக்கென்று எடுத்திருந்த ஒரு அறையைத் தவிர வேறு எங்கும் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நாங்களும் அதை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால் அத்தான், "வாங்க எதிர்க்கட்சி" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். அதோடு சரி. மழை, பேருந்து, அக்கா மகளின் பல் கம்பி என்று பேச்சு நகரும். இப்படி வானத்தைப் பார்த்துப் பேசுவதற்காகவா இவள் இரண்டு பேருந்து மாறி வருகிறாள் என்று அக்கா கேட்பாள்.

அந்த ஒரு அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில், பல் மருத்துவமனை ஒன்றுக்கு மேலே, மூன்றாம் மாடியில் வாடகைக்கு எடுத்தது. நீள மேசை ஒன்று. அதன் நடுவில் நீலப் பட்டை ஒட்டியிருக்கும். பட்டைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். கணினிகளை முதுகோடு முதுகாக வைத்திருந்தோம். பிரிண்டர்கூட இரண்டு. கீழே பல் தோண்டும் இயந்திரம் ஓடும்போது மேசை லேசாக அதிரும். அப்போது மட்டும் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒருவர் ரகசியம் மற்றவருக்குப் போய்விடுமோ என்கிற பயம் இரண்டு பக்கமும் இருந்தது. வாயால் கேட்டால் வாயால் பதில் வரும், வாய்ப் பேச்சுக்கு எல்லை கிடையாது. அதனால் எல்லாக் கேள்வியும் எழுத்தில் வர வேண்டும், எல்லாப் பதிலும் எழுத்தில் போக வேண்டும் என்று முடிவானது. அதற்கான படிவத்தைத் தயாரித்தது நான்.

நான் படித்தது ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அங்கே கட்டுரை மோசமாக இருந்தாலும் பாதி மதிப்பெண் கிடைக்கும். கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று ஏதாவது ஒன்று விட்டுப்போனால் முட்டைதான். அந்தப் பழக்கத்தில் இருபது வருடமாக நிறுவனத்தின் கடிதங்களை எழுதிவருகிறேன். எதையும் எண் போட்டுத்தான் எழுதுவேன் என்பதால் எனக்கு அலுவலகத்தில் 'ஒண்ணு ரெண்டு மேடம்' என்று பெயர். என் படிவத்தில் இடதுபுறம் கேள்வி, வலதுபுறம் பதில். அடியில் ஒரு வரி: கேட்டதற்கு மட்டும் பதில் எழுதப்படும். கேட்காத தகவல் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு மேலாளர்களின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மூன்று வேலை நாள். இரண்டு நிறுவனத்து வழக்கறிஞர்களும் அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார்கள். அன்று மாலை தலை கொஞ்சம் கனத்துத்தான் வீட்டுக்கு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாற்பத்தொன்றாவது கேள்வி ஒரு வியாழக்கிழமை வந்தது. அத்தானின் கையெழுத்து. 'நெட்வொர்க் துண்டிக்கப்பட்டால் உங்கள் பெட்டி அளவீடுகளைச் சேமித்துவைத்து, தொடர்பு மீண்டதும் அனுப்புமா?'

எங்கள் பொறியாளரிடம் கேட்டேன். எப்போதும் ஏதாவது முனகிக்கொண்டிருப்பார் என்பதால் அவரைப் பாட்டுக்காரர் என்போம். முனகலை நிறுத்தாமலே, அனுப்பும், முந்நூறு அளவீடு வரைக்கும் பெட்டி வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் வந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளும் என்றார். முந்நூறு என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஒரு நாளைக்கு மேலேயே தாங்கும். இதுவரை ஒரு வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை.

அவர் சொன்னது சரி. ஆனால் பன்னிரண்டாவது கேள்விக்கு அவர்கள் கொடுத்த பதிலும் என் கோப்பில்தான் இருந்தது. பத்து நொடிக்கு ஒரு அளவீடு. நிமிடத்துக்கு ஆறு. முந்நூறை ஆறால் வகுத்தேன். ஐம்பது நிமிடம். அதற்கு மேல் நெட்வொர்க் நின்றால் எங்கள் பெட்டி அத்தானின் அளவீடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போகும். பாட்டுக்காரர் பன்னிரண்டாம் பதிலைப் படித்து மறந்துபோனவர். அத்தானுக்கு முந்நூறு தெரியாது. இரண்டு எண்ணும் ஒரே மேசையில் இருந்தது என்னிடம் மட்டும்தான்.

வரைவில் இரண்டு வரி எழுதினேன். முதல் வரி, ஆம், சேமித்து அனுப்பும். இரண்டாவது வரி, முந்நூறு அளவீடுகள் வரை மட்டும். உங்கள் வேகத்தில் இது ஐம்பது நிமிடம். எழுதிவிட்டு மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டாவது வரியின் மேல் பேனாவை வைத்தார்.

"இதைக் கேட்டாங்களா?"

"கேக்கல சார். ஆனா இது தெரியாம..."

"கேக்கலல்ல? ஒப்புதல் வாங்கணும்னா மூணு நாள். செவ்வாய்க்கிழமை சோதனை. தள்ளிப்போனா யாரால தள்ளிப்போச்சுன்னு முதல்ல நம்மளத்தான் கேப்பாங்க. வேணும்னா அவங்களே அடுத்த கேள்வி அனுப்பட்டும். உங்க அத்தானுக்குக் கேள்வி கேக்கவா சொல்லிக்குடுக்கணும்?"

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. உறவுக்காக ஒரு வரி கூட்டி எழுதினாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால் என்ன செய்வேன் என்று தோன்றியது. நானே போட்ட விதியை, நானே, என் அக்கா வீட்டுக்காக மீறுவதா? மேசைக்கு வந்து இரண்டாவது வரியை அடித்தேன். முதல் வரியைச் சுத்தமாக எழுதி, கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை காலை நீலப் பட்டைக்கு அந்தப் பக்கம் வைத்தேன். அத்தான் எப்படியும் அடுத்த கேள்வி அனுப்புவார் என்று நினைத்தேன். ஒரு பதிலுக்கு இரண்டு துணைக் கேள்வியாவது கேட்காமல் அவர் விட்டதே இல்லை. பதினேழாவது கேள்விக்கு மட்டும் அ முதல் ஊ வரைக்கும் கேட்டவர்.

ஆனால் அந்தப் பதினேழுக்குப் பதில் எழுதியது நான் இல்லை. அப்போது நான் விடுப்பில் இருந்தேன். இது எனக்கு அன்று உறைக்கவில்லை.

வெள்ளி மாலை வரை கேள்வி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் துணி துவைக்கும் இயந்திரத்தைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு அதன் பின்னால் உட்கார்ந்திருந்தார். குழாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். அவர் திருகிக்கொண்டிருந்த பத்து நிமிடமும் ஐம்பது என்கிற சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அக்காகூடக் கேட்டிருக்க மாட்டாள், அவள் மாடியில் இருந்தாள். அவர் நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என்ன எதிர்க்கட்சி, இன்றைக்கு வெளிநடப்பா, பேச்சையே காணோமே என்றார். தலைவலி என்றேன்.

மருந்து விநியோக நிறுவனத்தின் கிடங்கில் சோதனை மூன்று நாள். முதல் நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு வாடிக்கையாளர் தரப்பே, யாரிடமும் சொல்லாமல், கிடங்கின் நெட்வொர்க்கைத் துண்டித்தது. அது அவர்களுடைய சோதனை. பன்னிரண்டு மணிக்குத் திரும்ப இணைத்தார்கள். திரையில் கோடு வரத் தொடங்கியது. பதினொன்று பத்திலிருந்து கோடு இருந்தது. எட்டிலிருந்து பதினொன்று பத்து வரை வெறும் வெள்ளை.

கிடங்குப் பொறுப்பாளர் குள்ளமான, குரல் உயர்த்தாத பெண்மணி. குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையோடு வந்து திரையைப் பார்த்தார். "அந்த மூணு மணி நேரம் என் மருந்து எப்படி இருந்துச்சுன்னு நான் இப்ப யார்கிட்ட கேக்கறது?" என்றார்.  அத்தான் கண்ணாடியைக் கழற்றி, திரைக்கு மிக அருகில் போய், அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள் இருந்திருக்க வேண்டும். அவருடைய சென்சார் ஒன்றையும் தவறவிடவில்லை. எல்லாவற்றையும் அளந்து எங்கள் பெட்டியிடம்தான் கொடுத்திருந்தது.

தவறு யாருடையது என்று பார்க்க ஒரு வாரம் கழித்துக் கூட்டம் போட்டார்கள். அதே மூன்றாம் மாடி அறை. ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது: தவறான பதிலால் வந்த நஷ்டம் பதில் சொன்னவரைச் சேரும், கேட்காமல் விட்டதால் வந்த நஷ்டம் கேட்டிருக்க வேண்டியவரைச் சேரும். நாற்பத்தொன்றாம் படிவத்தை மேசையில் வைத்தார்கள். கேள்வி, பதில், தேதி, கையெழுத்து, எல்லாம் வரிசையாக இருந்தது. ஒரு பிழை இல்லை. அதைவிடச் சுத்தமான காகிதத்தை நான் எழுதியதில்லை.

அவர்கள் வழக்கறிஞர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பதிலை எழுதும்போது முந்நூறுங்கிற எல்லை உங்களுக்குத் தெரியுமா?"

எங்கள் வழக்கறிஞர் குறுக்கிட்டார். பதில் உண்மையா பொய்யா என்பதுதான் விஷயம், எழுதியவருக்கு வேறு என்னென்ன தெரியும் என்பது இந்தக் கூட்டத்தின் எல்லைக்குள் வராது, மேடம் இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

வேண்டியதில்லை என்றுதான் சொன்னார். கூடாது என்று சொல்லவில்லை. அத்தான் மேசையின் அந்தப் பக்கம் மூன்றாவது நாற்காலியில் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பல் தோண்டும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அது நின்றபோது பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தது.

கூட்டு முறியவில்லை. வாடிக்கையாளருக்கு எங்கள் பெட்டி பிடித்திருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கும் சாதாரண சென்சாரை வெளியிலிருந்து வாங்கிப் பொருத்துவது, பராமரிப்பை அத்தானின் நிறுவனம் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு மாறியது. இரண்டு தலைவர்களும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சென்சார் பிரிவை மூடினார்கள். என் மேலாளர் என்னை அழைத்து, உங்கள் படிவம் இல்லாவிட்டால் நம் கதி என்ன ஆகியிருக்கும் என்றார். இனி எல்லாக் கூட்டு ஒப்பந்தங்களுக்கும் அதையே வைத்துக்கொள்வதாக முடிவாம்.

இரண்டு வாரம் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம், ஞாயிறுவரை பொறுக்க முடியாமல், ஒரு புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். பகல் பதினோரு மணி. அத்தான் கூடத்தில் மகளின் மேசை நாற்காலிக்குக் கால் சரிசெய்துகொண்டிருந்தார். வேலை நாளில் அந்த நேரத்தில் அவரை வீட்டுச் சட்டையில் பார்த்ததே இல்லை. எதிர்க்கட்சி என்று சொல்லவில்லை. உட்கார் என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். பன்னிரண்டாம் பதில் என்னிடம் இருந்தது, முந்நூறும் தெரியும், வகுத்துப் பார்த்தேன், எழுதினேன், அடித்தேன். மேலாளர் பேனாவை வைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அடித்தது என் கைதானே என்று விட்டுவிட்டேன். குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையும் தெரியும் என்றேன்.

அவர் திருப்புளியைத் தரையில் வைத்தார்.  அவர் கோபப்படுவார் என்று தயாராக வந்திருந்தேன். அதுகூட வரவில்லை.

"உனக்குத் தெரியும்னு எனக்குக் கூட்டத்துலயே தெரியும்" என்றார். "நீ பேசாம இருந்தல்ல, அப்பவே. உனக்குத் தெரியலைன்னா தெரியாதுன்னு சொல்லியிருப்பியே."

"அப்புறம் ஏன் அத்தான் ஒரு வார்த்தைகூட..."

"உன்னைச் சொல்லி என்ன? கேக்காம விட்டது நான்தானே." நாற்காலியை நிமிர்த்தி ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. "வேற யார் எழுதியிருந்தாலும் எவ்வளவு நேரத்துக்குன்னு அன்னிக்கே கேட்டிருப்பேன். உங்க ஆளுங்க யாரையும் நான் நம்பினதில்ல. உன் கையெழுத்தைப் பாத்தேன். ஏதாவது இருந்தா இவ எழுதியிருப்பாளேன்னு மூடி வெச்சுட்டேன்."

இரண்டு நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதுகிறேன் என்றேன். தெரிந்தே விட்டேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வரைவின் நகலோடு அனுப்புகிறேன் என்றேன். அவர் அதை யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"எழுதினா உன் வேலை போகும். என் வேலை திரும்பி வராது. அந்த ஏழு பேர்ல நாலு பேர் இன்னிக்கு வேற இடத்துல சேந்துட்டாங்க. பகல் பூரா என்னை ஒருத்தனை வெச்சிக்கிட்டே உங்க அக்கா தடுமாறுறா. உன்னையும் சேத்து எங்க உக்கார வெப்பா?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்சம் சிரிக்கவும் செய்தோம். அந்தக் கடிதத்தை நான் எழுதவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் தடுத்தார் என்பது ஒரு காரணம். தடுத்தபோது எனக்குள் ஒரு நிம்மதி மூச்சு இறங்கியது என்பது இன்னொன்று. அந்த மூச்சைத்தான் இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். நாங்கள் பேசியதில் அவள் எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. எனக்கு எப்போதும்போல் நிறையவே பரிமாறினாள், சாப்பிடாமல் எழ விடவில்லை. கிளம்பும்போது அத்தான் பேருந்து நிறுத்தம் வரை வந்தார். வழியில் அவருக்கு ஒரு கேள்வி இருந்தது போலிருந்தது. இரண்டு முறை என் பக்கம் திரும்பினார். இரண்டு முறையும், வண்டி கூட்டமாக வரும், முன்வாசலில் ஏறு என்றுதான் சொன்னார். போய்ச் சேர்ந்ததும் அக்காவுக்கு ஒரு போன் பண்ணிவிடு என்றார்.

வீடு சேர மூன்றரை ஆகிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவைக் கூப்பிட்டேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்றேன். சரி என்றாள். அத்தான் என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"தூங்குறார்" என்றாள் அக்கா. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பதினாறு வருஷத்துல அவர் பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்லடி" என்றாள்.

போனை நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.